உப்பில்லாமல் ஜெயித்த கம்போ

ப்ரோ பிரிட்ஜ், லூயிசியானா
அக்டோபர் 14

அன்புத் தங்கை எர்லினுக்கு,

உன் அண்ணன் ஒக்டாவ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஹூஸ்டனில் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணி வெர்டியும் சுகம். என் சிறுநீரகங்கள் மட்டும் இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டு சதவீதம் சுகம்.

மார்ச் மாதம் டாக்டர் இந்தக் கணக்கைச் சொன்னார். இப்படியே போனால் வருஷக் கடைசிக்குள் டயாலிசிஸ்தான் என்று பயமுறுத்தி, கியானா என்ற டயட்டீஷியனிடம் என்னை அனுப்பினார். முப்பது வயதுகூட இருக்காது. சர்க்கரை ஆலைக் கொதிகலனோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டினவனுக்கு இந்தப் பொண்ணு என்ன சொல்லிக் கொடுக்கப் போகுதுன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். "நேத்து என்ன சாப்பிட்டீங்க மிஸ்டர் ஒக்டாவ்?"னு கேட்டா. சொன்னேன். பாதியிலே பேனாவைக் கீழே வச்சிட்டு, "இது நேத்து ஒரு நாளைக்கா, ஈஸ்டர் வாரம் முழுசுக்குமா?"ன்னா. உப்பைக் குறைங்க, கறி உள்ளங்கை அளவு போதும், கோலா மாதிரி கறுப்பு சோடாவை நிறுத்துங்க, என்னைக் கேக்காம புதுசா எதையும் வாங்காதீங்கன்னு அனுப்பி வச்சா.

நான் கேப்பேனா? கடையிலே 'சோடியமே இல்லாத உப்பு'ன்னு ஒரு டப்பா இருந்தது. அடடா, டாக்டரையே ஜெயிச்சிட்டோம்னு ரெண்டு வாரம் முட்டை, சோறு, தர்பூசணின்னு எல்லாத்து மேலேயும் கொட்டினேன். அப்புறம் ரத்தப் பரிசோதனை. மத்தியானமே போன் வந்தது. "உடனே எமர்ஜென்சிக்கு வாங்க, நீங்க வண்டி ஓட்டாதீங்க." அந்த டப்பா முழுக்கப் பொட்டாசியமாம் எர்லின்! கெட்டுப்போன சிறுநீரகத்தாலே அதை வெளியே தள்ள முடியாதாம், இதயமே நின்னிருக்குமாம். நெஞ்செல்லாம் வயரோடு ரெண்டு நாள் படுத்திருந்தேன். வெர்டி பக்கத்திலே உட்கார்ந்து, "யோவ், சாகறதுன்னா சொல்லிட்டுச் சாவு, நான் முடிவெட்டிக்கணும்"னு திட்டினா. திட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சதை நான் பார்த்தேன்.

கியானா வந்தா. திட்டலை. "எதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டீங்க?"ன்னு கேட்டா. "கம்போ"ன்னேன். நம்ம ஊர்க் கறிக் குழம்பை விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? "சரி, அதைக் காப்பாத்துவோம்"னு நாற்காலியை இழுத்துப் போட்டா. மார்ச்சிலேர்ந்து எல்லாரும் எங்கிட்டேயிருந்து பிடுங்கறதைப் பத்தியே பேசினாங்க. இவ ஒருத்திதான் மிச்சம் வைக்கிறதைப் பத்திப் பேசினா.

அப்புறம் ஆரம்பிச்சது வேலை. டப்பா சூப்பை ஒழிச்சு, கோழி எலும்பை உப்பில்லாம நானே கொதிக்க வச்சேன். பூண்டும் மிளகாயும் அரைச்சுப் போட்டு சாசேஜையும் நானே செஞ்சு புகை போட்டேன். மாவை எண்ணெயிலே முக்கால் மணி நேரம் கை எடுக்காம கிண்டி, சாக்லேட் நிறத்துக்கு வறுத்தேன். முதல் எட்டுப் பானையை நாய்கூடத் திரும்பிப் பாக்கலை. ஒன்பதாவதை வெர்டி ஒரு வாய் வச்சா. கிண்ணத்தை மறுபடி நீட்டினா.

போன சனிக்கிழமை சர்ச் திருவிழாவிலே கம்போ போட்டி. ஆறு வருஷமா ஜெயிக்கிற ஹியூயி என் பானையைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கெல்லாம் மேஜை குடுத்திருக்காங்களா?"ன்னு சிரிச்சான். முதல் பரிசு யாருக்கு? உன் அண்ணனுக்கு! பாதிரியார் பானையைச் சுரண்டித் தின்னார். ஹியூயி மூணு கிண்ணம் காலி பண்ணிட்டு, "உப்பு எவ்வளவு?"ன்னான். "போடவே இல்லை. ஆஸ்பத்திரியிலே கியானான்னு ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்தா." "பொய்!" அப்புறம் என்னை ஓரமா இழுத்துட்டுப் போய், "அந்தப் பொண்ணு நம்பரைக் குடுடா. எனக்கும் கால் வீங்குது"ன்னான். குடுத்தேன்.

நேத்து ரிசல்ட்டும் வந்தது. பொட்டாசியம் சரியான அளவு. சிறுநீரகம் அதே இருபத்திரண்டு. ஒரு புள்ளி இறங்கலை! இந்த வருஷம் டயாலிசிஸ் பேச்சே வேண்டாம்னுட்டார் டாக்டர். வெர்டி டாக்டரையே கட்டிப்பிடிச்சிட்டா.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் கர்த்தர் நல்ல ரத்த அழுத்தத்தையும் நீண்ட ஆயுளையும் அருள்வாராக.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஒக்டாவ் மெலான்சோன்

பி.கு.: பரிசு என்னன்னு எழுத மறந்துட்டேன். உப்பிலே ஊறப்போட்டுப் புகையிலே வாட்டின முழுப் பன்றித் தொடை, எட்டு கிலோ. வெர்டி கடைக்குப் போயிருக்கா. ஒரு மணி நேரமா நானும் அதுவும் மட்டும்தான் வீட்டிலே இருக்கோம். லெட்டர் கிடைச்சதும் கிளம்பி வந்து எடுத்துட்டுப் போ. இல்லை, லெட்டர் வந்து சேர நாலு நாள் ஆகும். இப்பவே போன் பண்றேன், எடு.