கைவீசிப் புறப்பட்ட தேனப்பன்

சுமைகுறைப்பார் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. வீட்டில் யாராவது பெட்டி அடுக்கினால் போதும், பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "இது எதுக்கு? அது எதுக்கு?" என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போடுவார்கள். தாமாக ஒரு துண்டைக்கூட மடித்து வைக்கத் தெரியாது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

திருமயம் பக்கத்துத் தேனப்பன் இந்த இனத்தில் பெரிய புள்ளி. கீரமங்கலத்தில் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கைக்குழந்தையோடு புறப்பட்ட அன்று, மனைவி சாலா அடுக்கி வைத்த தகரப்பெட்டியிலிருந்து ஏணை கட்டும் சேலை போயிற்று, பழந்துணி மூட்டையில் முக்கால்வாசி போயிற்று, கிலுகிலுப்பை போயிற்று, வெந்நீர்க் கூஜாவும் போயிற்று.

"பச்சப்புள்ளைங்க. வழியில எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது" என்றாள் சாலா.

"இத்தனூண்டு உசுருக்கு இத்தனை சாமானா? கைய வீசிக்கிட்டுப் போகணும், சாலா!"

காலியான இடத்தில் அவருடைய சவரப்பெட்டி, பவுடர் டப்பா, மடிப்புக் கலையாத மயில்கண் வேட்டிகள், பட்டு அங்கவஸ்திரம் எல்லாம் நுழைந்தன. அதெல்லாம் சுமையா? அவசியம் அல்லவா!

புதுக்கோட்டையில் பஸ் மாறுவதற்குள் இருந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. ஆலங்குடி தாண்டியதும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய அந்தக் கிழட்டு பஸ் இருமிக் குலுங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றேவிட்டது. குழந்தை வீறிட்டது. தேனப்பன் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். அது இன்னும் பலமாக வீறிட்டது.

அதே பஸ்ஸில் காய்க்கூடையோடு வந்த பொன்னுத்தாய் என்ற அம்மாள் குனிந்து பார்த்தாள். "புள்ள ஈரத்துலயே கெடக்கே. மாத்துத்துணி இல்லையாங்க?"

பஸ்ஸே தேனப்பனைப் பார்த்தது. தேனப்பன் புளியமரத்தைப் பார்த்தார்.

சாலா கையை நீட்டினாள். "அந்த வேட்டியக் குடுங்க."

"மயில்கண் வேட்டி, சாலா!"

"ஒங்க மக எந்தக் கரைன்னாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஒரு வேட்டி சதுரம் சதுரமாகக் கிழிந்தது. இன்னொரு வேட்டி புளியங்கிளையில் ஏணையாகத் தொங்கியது. பட்டு அங்கவஸ்திரத்தால் ஈ ஓட்டியபடி தேனப்பன் ஆட்டினார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப் போயிற்று. "வண்டி கெளம்புது, வாங்க!" என்று டிரைவர் கூப்பிட்டும் விரலை உருவ அவருக்கு மனசு வரவில்லை. இனிமேல் இவள் துணியில் கை வைப்பதில்லை என்று உள்ளுக்குள் சத்தியமே செய்தார். கண்கூடக் கொஞ்சம் கலங்கிற்று.

கல்யாண வீட்டு வாசலில், பால்வாடையும் கசங்கிய வேட்டியுமாக இறங்கியவரைப் பார்த்துச் சிநேகிதர் திகைத்தார். "என்னப்பா, இந்தக் கோலம்?"

தேனப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "அத விடப்பா. கைப்புள்ளையோட வந்திருக்கோம், சாமான் எவ்வளவுன்னு பாரு. ஒரே பெட்டி! எல்லாம் பழக்கந்தான்."

சுற்றி நின்ற ஆண்கள் ஆச்சரியத்தோடு தலையாட்டினார்கள். சாலா சிரிப்பை அடக்கக் குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. "நானும் இப்படியா?" என்று உங்கள் வீட்டம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "சேச்சே" என்றால் பிழைத்தீர்கள். பதிலே சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டால், மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்.