குக்கீயை அழிச்சுக் கார்ட் குடுத்த கதை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. நாங்கள் என்ன பாத்தனாங்கள் எண்டு வீட்டு லப்டொப் ஞாபகம் வைச்சிருக்கிற குக்கீயை அழிக்கவேணும்.

ஏனெண்டால், போன கிழமை ஆரும் பாக்கேல்லை எண்டு, தலைமயிர் நடுறதைப் பற்றி ஒருக்காத் தேடினனான். ஒருக்காத்தான்!

அண்டையிலை இருந்து எதைத் திறந்தாலும் விளம்பரத்திலை ஒரு மொட்டைத்தலை வருது. ஸ்னோ கொட்டுமோ எண்டு பாத்தால் மொட்டை. பஸ் எத்தினை மணிக்கெண்டு பாத்தால் மொட்டை.

மனிசி கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிற முறையைத் தேடேக்கை பக்கத்திலை அவரைக் கண்டிட்டாள். "ஆரப்பா இவர், ஒவ்வொரு நாளும் வாறார்?"

"தெரியாது" எண்டன்.

எனக்குச் சரியான பயம். இவளுக்குத் தெரிஞ்சால் தமக்கைக்குத் தெரியும். தமக்கைக்குத் தெரிஞ்சால் ஸ்காபரோ முழுக்கத் தெரியும்.

மகளைக் கேட்டன். "அப்பா, ஜஸ்ற் அந்த சைற்றின்ரை குக்கீயை மட்டும் டிலீற் பண்ணுங்கோ, ஓகே?" எண்டிட்டு மேலை போனாள்.

நான் பெரிய ஆளெல்லோ. எல்லாத்தையும் அழிச்சன்.

மொட்டை போயிட்டார். ஒரு தேத்தண்ணி ஊத்தினன். குடிச்சு முடியேல்லை, மனிசி கத்துறாள்.

"இஞ்சாருங்கோ! நாடகம் வருகுதில்லை! பாஸ்வேர்ட் கேக்குது!"

அண்டைக்கு ஆறு மணிக்கு நாடகத்தின்ரை கடைசிப் பகுதி. நாலு வருசமாப் பாத்து அழுதவள்.

"அப்பா குக்கீ எல்லாத்தையும் டிலீற் பண்ணிட்டார்போலை" எண்டு மகள் மேலையிருந்து கத்தினாள். பாஸ்வேர்டை அடிச்சன். போனுக்குக் கோட் நம்பர் அனுப்பியிருக்கிறம் எண்டுது. என்ரை போனுக்கு ஒண்டும் வரேல்லை.

மனிசி மெதுவாச் சொன்னாள். "அது குகன் அத்தானின்ரை எக்கவுண்ட்."

குகன் அண்ணை என்ரை சகலன், அந்தத் தமக்கையின்ரை புருசன். அவற்றை எக்கவுண்டிலைதான் மூண்டு குடும்பம் நாடகம் பாக்குது. அவர் ஸ்காபரோவிலை ரூஜ் பக்கம், நாங்கள் மல்வேர்ண் பக்கம்; காரிலை பத்து நிமிசம். அக்காவும் தங்கச்சியும் கதைப்பினம். நாங்கள் ரெண்டுபேரும் ரெண்டு வருசமாக் கதைக்கிறேல்லை. என்ரை மகள் பெரியபிள்ளையானதுக்கு வைச்ச சாமத்தியவீட்டுக் கார்ட்டைக் கையிலை குடுக்காமல் போனிலை படமா அனுப்பிப்போட்டனாம். மனுசன் வரவே இல்லை.

"நான் அவரிட்டைக் கேக்கமாட்டன்!"

"குக்கீயை அழிச்சது ஆர்?"

போனை எடுத்தன்.

"ஓ, தம்பியே? கோட் வந்துகிடக்கு. முதல் கார்ட்டைக் கொண்டுவந்து கையிலை தாரும், பிறகு சொல்லுறன்."

"அண்ணை, சாமத்தியவீடு முடிஞ்சு ரெண்டு வருசம்!"

"அதுக்கு?"

பேஸ்மென்ற் பெட்டிக்குள்ளை கிடந்த ஒரு கார்ட்டைத் தேடியெடுத்துப் பேர் எழுதினன். ஒரு கையிலை கார்ட், மற்றக் கையிலை லப்டொப். மனிசியின்ரை கையிலை ஒரு சீப்பு வாழைப்பழம். மகள் "திஸ் இஸ் சோ எம்பாரஸிங்" எண்டு வரவே மாட்டனெண்டிட்டாள்.

அவற்றை வாசலிலை நிண்டு சொன்னன். "அண்ணை, மகளுக்குச் சாமத்தியவீடு. குடும்பமா வரவேணும்."

குகன் அண்ணை கார்ட்டை வாங்கி முழுக்க வாசிச்சார். திகதியைப் பாத்தார். "அண்டைக்கு எனக்கு வேலையெல்லோ" எண்டார்.

சரியெண்டு உள்ளை கூப்பிட்டு, புதுசா ஒரு கோட் எடுத்துத் தந்தார். ஆறுக்கு ரெண்டு நிமிசம். நாடகம் திறந்திட்டுது. மனிசிக்குக் கண் கலங்கிப்போச்சு.

முதல் ஒரு விளம்பரம் வந்தது.

மொட்டைத்தலை!

"ஐயோ, உவரைத்தானே அழிச்சனான்!" எண்டு கத்திப்போட்டன்.

எல்லாரும் என்ரை தலையைப் பாத்தினம். மனிசி "ஓ... நீங்களோ?" எண்டாள். எனக்கு வெக்கத்திலை முகம் கொதிச்சுது.

தமக்கை யோசிச்சா. "எங்கடை ரிவியிலையும் இவர் ஒரு மாசமா வாறாரே?"

இப்ப எல்லாரும் மற்றப் பக்கம் திரும்பினம். வீட்டுக்குள்ளையும் தொப்பியோடை இருந்த குகன் அண்ணை, அதை இன்னும் கொஞ்சம் கீழை இழுத்து விட்டார்.

நாடகம் முடிஞ்சு காரை எடுக்கேக்கை ஓடிவந்து கண்ணாடியிலை தட்டினார்.

"தம்பி, ரெண்டுபேராப் போனால் டிஸ்கவுண்ட் இருக்காம்."