பங்கஸுக்கு அர்த்தம் கேட்ட அண்ணன்

மலாயாவில் பிடிவாதக்காரர்களுக்கு என்றைக்குமே குறைவில்லை. ஆனால் தன் காலில் வந்த நோயின் பெயருக்கு அர்த்தம் தெரிந்தால்தான் மருந்து போடுவேன் என்று உட்கார்ந்தவர், எனக்குத் தெரிந்து பங்கஸ் அண்ணன் ஒருவர்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் அவரும் ஒரே அறை. நான் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதுகிற கிராணி. அவர் பாயிண்ட்ஸ்மேன், வருகிற ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. மழையோ வெள்ளமோ, ஈர பூட்ஸோடு நின்றுகொண்டே இருப்பார். ஒரு மழைக்காலத்தில் விரலிடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து, வலது பாதம் வீங்கிவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் பார்த்தார். ஒரு களிம்பு டப்பாவை நீட்டி, "பங்கஸ்," என்றார்.

"அப்படின்னா?" என்றார் அண்ணன்.

"பங்கஸ்னா பங்கஸ்தான். ரெண்டு வேளை தடவுங்க."

அண்ணன் டப்பாவைத் தொடவில்லை. "யாருன்னே தெரியாதவனோட நான் சண்டைக்குப் போறதில்ல," என்று நொண்டிக்கொண்டே வெளியேறிவிட்டார். டப்பாவை நான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றே விசாரணை தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார போர்ட்டர் பாதத்தைப் பார்த்து, "கூலாட்," என்றார். காட்டில் பறித்துச் சமைக்கிற காளானுக்கும் அதே பெயர்தான் என்று சேர்த்துக்கொண்டார். அண்ணன் முகம் வெளுத்தது. மறுநாள் விடிந்ததும் பாதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிவைத்து, விரலிடுக்கில் காளான் குடை ஏதும் விரிந்திருக்கிறதா என்று தேடினார். "ஒண்ணும் காணோம்பா." குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

கிள்ளானிலிருந்து வந்த ரப்பர் தோட்டத்துக் கிராணி ஒருவர், ஈரமான ரப்பர் ஷீட்டில் படிகிற பூசணமும் அதுதான் என்றார்.

"ஊறுகாய்ல படியுதே, அது?"

"அதுவும்தான்."

"ஒரே பேர வச்சுக்கிட்டு எத்தனை வீட்டுக்குள்ள புகுந்திருக்கான் பாரு," என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

இதற்குள் வீக்கம் கணுக்காலுக்கு ஏறிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டனுப்பி, பூட்ஸ் போட முடியாதவருக்கு வேலை கிடையாது, அடுத்த வாரம் வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டார். "முதல்ல மருந்தப் போடுங்கண்ணே, அப்புறம் அர்த்தம் தேடலாம்," என்று கெஞ்சினேன்.

"வேலை போனா போகட்டும் லா. அது லத்தீன் பேராம், மாதா கோயில் சாமியாருக்குத் தெரியும்கிறாங்க. என்னத் தூக்கிவிடு."

ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனேன். வெள்ளைக்காரச் சாமியார் பேசுவது ஏட்டுத் தமிழ். "மகனே, அது லத்தீனில் காளானைக் குறிக்கும் சொல். கிரேக்கத்தில் கடற்பஞ்சுக்குரிய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர்."

"வந்திருக்கலாம்னா? வந்துச்சா, வரலியா சாமி?"

"நிச்சயமாக எவரும் அறியார்."

அடுத்து கிரேக்க நாட்டுக்குக் கப்பல் ஏறச் சொல்வாரோ? அண்ணன் குனிந்து பாதத்தைப் பார்த்தார். "பஞ்சு. தண்ணியக் குடிச்சு வளர்றவன். நான்தான் பூட்ஸுக்குள்ள ஊத்தி ஊத்தி வளர்த்திருக்கேன்." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "குடு அந்த டப்பாவ."

அதன்பின் அவர் போட்ட யுத்தம் சாதாரணமானதல்ல. துடைப்பதும், களிம்பு தடவுவதும், வெயிலில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவதுமாகவே இருந்தார். நான் நனைந்த தலையோடு அறைக்குள் வந்தால் எதிரிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவனைப்போல வாசலிலேயே நிறுத்திவிடுவார். புது ஆள் வந்து சேர்ந்தபோது, அண்ணன் காய்ந்த பூட்ஸோடு லீவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ரவாங்கிலிருந்து வந்தவன் அப்படியே ஊர் திரும்பினான். கால் பங்கஸை விட்டது. குவார்ட்டர்ஸ் மட்டும் அண்ணனை அந்தப் பெயரால் கூப்பிடுவதை விடவில்லை.

மறுவருஷம் எனக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் கண் திறக்க முடியாமல் கிடந்தேன். யாரோ மூச்சிரைக்கக் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார்கள்.

"சாமியார்கிட்ட கேட்டுட்டேன் தம்பி," என்றது அண்ணன் குரல். "டைபாய்டுக்குக் கிரேக்கத்துல புகைன்னு அர்த்தமாம். இந்தத் தடவை நிச்சயமாத் தெரியும்னாரு." என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். "வெறும் புகைப்பா. கலைஞ்சிடும்."

டாக்டர் என்னென்னவோ சொல்லியிருந்தார். நான் நம்பியது இதைத்தான்.