கமலநாயகி பல்கனியில் நின்ற பன்னிரண்டு நிமிடம்

டோர்ட்மண்ட்
ஞாயிற்றுக்கிழமை, காலை

மரியாதைக்குரிய பெரிய மச்சாள் அவர்களுக்கு,

குணசேகரம் பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலியும் சகலனாரின் சீனி வருத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் தங்கச்சி கமலநாயகி ஆறு நாட்களாகப் பாரிஸில் உங்கள் வீட்டில் இருக்கும்போது, நான் இங்கே நலம் என்று எழுதினால் அது அவருக்கும் மரியாதை இல்லை, எனக்கும் பிற்காலத்தில் நல்லதில்லை. ரெலிபோனில் பேசலாம் என்றால் நீங்கள் என் குரலைக் கேட்டவுடன் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்கிறீர்கள். ஆறு நாளாக ஒரு வீட்டில் இவ்வளவு கருகாது மச்சாள். ஆகவேதான் கடிதம்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும், நான் கொப்பியும் பேனையுமாக அவருக்குப் பின்னால் திரிந்தேன் என்றும் தங்கச்சி சொல்லியிருப்பார். இரண்டாவது உண்மை. முதலாவதை நீங்கள் இதை முழுக்க வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாசி மாதம் நான் பென்சனுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். இருபத்தொன்பது வருடம் கிடங்கில் பெட்டி தூக்கியவனை ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினால் அவன் திங்கட்கிழமை என்ன செய்வான்? நான் குசினியில் இருந்த தூள் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கினேன். உங்கள் தங்கச்சி சிறுவர் பள்ளிச் சமையலறையில் வேலை முடித்து மத்தியானம் வந்து, மிளகாய்த்தூள் என்று நினைத்துக் கறுவாப்பட்டைத் தூளைக் குழம்பில் போட்டார். அன்றைக்கே மகள் யதுசா ரெலிபோன் எடுத்தாள். "அப்பா, எங்கையாவது போய் ஏதாவது படியுங்கோ. அம்மா பாவம்" என்றாள். இங்கே பெரியவர்களுக்கென்று நகரசபை நடத்துகிற பாடசாலை ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் மூன்று வகுப்புகள்: மண்பாண்டம் செய்வது, ஸ்பானிய மொழி, உளவியல் அறிமுகம். மண் பிசைய என் இடுப்பு விடாது. ஸ்பானிய மொழி பேச எனக்கு ஆள் இல்லை. ஆகவே உளவியல். மறைக்காமல் சொன்னால் கொஞ்சம் ஆசையும் இருந்தது மச்சாள். மற்றவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. அதற்கு ஒரு வகுப்பே இருக்கிறதென்றால் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்?

வகுப்பில் பன்னிரண்டு பேர். ஆசிரியை பிரிங்க்மன் எங்கள் யதுசாவிலும் இளையவர். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் இப்போது என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார். என் முறை வந்ததும் "நல்லம்" என்றேன். "அது பதில். உணர்ச்சி இல்லை" என்றார். பிறகு உணர்ச்சிகளின் பெயர்கள் அறுபது அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். எனக்கு அதில் ஒன்பது சொல்தான் தெரிந்தது. கிடங்கில் பாரம், உடைவு, பிந்திவிட்டது, இந்த மூன்றையும் ஜேர்மனில் சொல்லத் தெரிந்தால் பென்சன் வரைக்கும் போகலாம். வீட்டுக்கு வந்து குசினி மேசையில் அகராதியை விரித்துக்கொண்டு குந்தினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கச்சி எட்டிப் பார்த்தார்.

"உதில எத்தினை உங்களுக்கு இருக்கு?"

"ரெண்டு, மூண்டு இருக்கும்."

"எனக்கு முழுக்க இருக்கு. பின்பக்கம் ஒண்டும் எழுதேல்லையோ?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போதுதான் எழுதும்போது தெரிகிறது.

மூன்றாம் வாரம் மணியடித்து நாய்க்குச் சாப்பாடு போட்டுப் பழக்கிய கதை வந்தது. பிறகு மணி கேட்டாலே நாய்க்கு வாயூறுமாம். உங்கள் வாழ்க்கையில் இப்படி ஏதும் உண்டா என்று ஆசிரியை கேட்டார். நான் கையை உயர்த்தி, பின்னேரம் ஆறு மணிக்குத் தமிழ்ச் செய்தியின் இசை தொடங்கினால் என் வலது கை தானாக நீளும், அதில் தேத்தண்ணீர்க் கோப்பை வந்து சேரும் என்று சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. "அப்ப ஆர் ஆரைப் பழக்கினது?" என்று ஆசிரியை கேட்டார். நான் அதை வீடு வரும்வரை டிராமில் யோசித்தேன். ஒரு முடிவுக்கும் வர ஏலவில்லை.

நான்காம் வாரம்தான் வினை. இரண்டு கிழமைக்கு ஒரு மனிதரைக் கவனிக்க வேண்டும், கண்டதை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது, இதுதான் வீட்டுப்பாடம். ஆசிரியை முடிவில் ஒரு நீளமான சொல்லைச் சொல்லி எல்லோரையும் பார்த்தார். எனக்கு அது விளங்கிவிட்டதா என்று கேட்டது போல இருந்தது. "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். அவர் உண்மையில் சொன்னது, கவனிக்கப்படுகிறவரின் சம்மதத்தை முதலில் வாங்குங்கள் என்பது. ஜேர்மனில் விளங்குவது, சம்மதிப்பது என்ற இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான் மச்சாள். அந்த வாலில்தான் நான் தடக்கி விழுந்தேன்.

யாரைக் கவனிப்பது? யதுசா போஹும் என்ற பக்கத்து நகரத்தில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறப்பதே இல்லை. ஆகவே உங்கள் தங்கச்சி. ஆசிரியை வாசிக்க வேண்டும் என்பதால் என் உடைந்த ஜேர்மனில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: "ஆறு பத்து. எழும்புகிறார். செருப்பைத் தேடுகிறார். செருப்பு காலில் இருக்கிறது." "நான்கு நாற்பது. ரெலிபோன். சிரிக்கிறார். நான் உள்ளே போக, சிரிப்பு நிற்கிறது. ஏன்?" "பின்னேரம் ஆறு ஐந்து. பல்கனிக்குப் போகிறார். கதவைச் சாத்துகிறார். நிற்கிறார். பன்னிரண்டு நிமிடம். ஏன்?" ஏன் என்று எழுதக்கூடாதுதான். ஆனால் எழுத எழுத அது தானாக வந்து விழுந்தது. முப்பத்தாறு வருடம் ஒரு வீட்டில் இருந்த மனுசியைப் பற்றி இரண்டு கிழமையில் பதினேழு ஏன் சேர்ந்துவிட்டது மச்சாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, விட மனமில்லாமலும் இருந்தது. அடுத்தது என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க நான் காலையில் அவருக்கு முதல் எழும்பத் தொடங்கினேன்.

அந்த உற்சாகத்தில் ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடைக்கும் பின்னால் போய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று எழுதினேன். கடைக்காரப் பொடியன் சுகிர்தன் கண்டுவிட்டான்.

"அண்ணை, ஏதும் தேடுறியளோ?"

"இல்லையப்பன், மனிசியைப் பாக்கிறன்."

அவன் உதவி செய்வதாக நினைத்துக் கடை அதிரக் கத்தினான். "அக்கா! அண்ணை உங்களைத் தேடுறார்!"

தங்கச்சி முருங்கைக்காயும் கையுமாகத் திரும்பினார். "வீட்டில படுத்திருந்த மனிசன் இஞ்சை ஏன் வந்தனீங்கள்?"

"வெங்காயம் வாங்க."

"நேற்றுத்தானே அஞ்சு கிலோ வாங்கினது?"

மூட்டைக்குப் பின்னால் கொப்பியைப் போட்டுவிட்டு வந்தது என் பிழை. திங்கட்கிழமை சுகிர்தன் அதைப் பத்திரமாகத் தங்கச்சி கையிலேயே கொடுத்துவிட்டான். அவர் அதைக் குசினியில் நின்றபடி முழுக்க வாசித்தார். சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறவர், என்னிலும் ஜேர்மன் நன்றாகத் தெரியும். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழையும் திருத்தினார். பிறகு கொப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தாறு வருசத்தில ஒரு நாள் என்னைப் பாக்கேல்லை. இப்ப பாக்கிறதெண்டா அதுவும் வீட்டுப்பாடத்துக்கோ?"

நான் அறுபது சொல்லில் ஒன்றைத் தேடினேன் மச்சாள்.

அடுத்த நாள் காலை, மிச்சமிருந்த லீவை எடுத்துக்கொண்டு உங்களிடம் பஸ் ஏறினார். வாசலில் நின்று சொன்ன கடைசி வார்த்தை, "சோறு ஃப்ரிட்ஜில இருக்கு. அதையும் எழுதுங்கோ."

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகாமல் விட நினைத்தேன். வீட்டில் இருக்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது, போனேன். நடந்ததை எழும்பி நின்று சொன்னேன். ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. தான் இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் கொவால்ஸ்கி என்றொருவர் இருப்பார், டிராம் ஓட்டிப் பென்சனெடுத்தவர். கொப்பியைக் கேட்டு வாங்கி அந்தப் பல்கனி வரியில் விரலை வைத்தார். "என்ரை மனிசி செத்து நாலு வருசம். அவவும் பல்கனியில நிக்கிறவ. எவ்வளவு நேரம் நிண்டவ எண்டு எனக்குத் தெரியாது" என்றார். கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, "நீ போய் அங்கை நிண்டு பார்" என்றார்.

அன்று பின்னேரம் ஆறு ஐந்துக்கு நான் பல்கனிக்குப் போனேன். கீழே மூன்று கார், ஒரு குப்பைத்தொட்டி, எதிர்வீட்டு ஜன்னலில் துணி காயப்போடும் ஒரு பெண். இதைப் பார்க்கவா பன்னிரண்டு நிமிடம்? ஒன்றும் விளங்காமல் உள்ளே வந்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது, ஆறு ஐந்து என்றால் வழக்கமாக நான் செய்தி பார்க்கிற நேரம். தொலைக்காட்சியை நான் வைக்கிற சத்தத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பப் பல்கனிக்குப் போனேன். பின்னால் செய்தியாளர் என் பிடரியில் நின்று கத்துவது போல இருந்தது. கதவைச் சாத்தினேன்.

அமைதி.

ஒரு குருவி கத்தியது மச்சாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குருவி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பன்னிரண்டு நிமிடமும் நின்றேன். உண்மையைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் போலவும் இருந்தது. கிடங்கு இரைச்சலில் என் காது பழுதான நாளிலிருந்து, ஒவ்வொரு பின்னேரமும் அந்த மனுசி எனக்குத் தேத்தண்ணீரைத் தந்துவிட்டு, என் சத்தத்திலிருந்து தப்பிப்போய் அங்கே நின்றிருக்கிறார். ஒரு நாளும் குறையுங்கோ என்று சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பார், தொலைக்காட்சிச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு வரி அனுப்பினேன்: "பல்கனி, டிவி சத்தத்தாலையோ?" மூன்று மணித்தியாலம் கழித்து ஒரு சொல் வந்தது: "ஓம்." பிறகு இன்றுவரை ஒன்றுமில்லை. நேற்றே கடைக்குப் போய்த் தலையில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காது வைத்தியரிடம் நேரமும் எடுத்திருக்கிறேன்.

இப்போது என் விண்ணப்பம் இரண்டு. ஒன்று, வருகிற சனிக்கிழமைக்குள் தங்கச்சியை நல்ல வார்த்தை சொல்லி இங்கே அனுப்பிவையுங்கள். மற்றது, பதினேழு ஏன் இருந்ததில் ஒன்றுக்குத்தான் விடை கிடைத்திருக்கிறது. நீங்கள் அவரைப் பிறந்த நாளிலிருந்து அறிந்தவர். சிறுவர் பள்ளி மேலாளர் ரெலிபோன் எடுத்தால் மட்டும் ஏன் எழும்பி நின்று பேசுகிறார்? லைட்டை நிற்பாட்டும்போது ஒருவரும் இல்லாத அறையைப் பார்த்து ஏன் "சரி" என்கிறார்? புட்டு அவிக்கும்போது பாடுகிறவர் சோறு வடிக்கும்போது ஏன் பாடுவதில்லை? தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதினால் போதும். வகுப்புக்கு அல்ல. அந்த வகுப்பை நான் விட்டுவிடுவதென்று முடிவெடுத்துவிட்டேன், அதையும் தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் சகலனாருக்கும் பிள்ளைகளுக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்கமாட்டா. முழங்காலுக்கு எண்ணெய் போடுவதை நிறுத்தவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை இன்னும் இழக்கவில்லை என்று நம்பும்
குணசேகரம்

பி.கு.: உறையை மூடி முத்திரையும் ஒட்டியபின் இதை உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சற்றுமுன் தங்கச்சி ரெலிபோன் எடுத்தார். "என்ன செய்யிறியள்?" என்றார். நீர் ஏன் இப்படி, ஏன் அப்படி என்று அக்காவிடம் கேட்டு எழுதுகிறேன் என்றேன். "அக்காவுக்கு என்ன தெரியும்? கேக்கிறதெண்டா என்னட்டை வந்து கேளுங்கோ" என்றார். "அப்ப நீர் எப்ப வாறீர்?" என்றேன். "நான் வரேல்லை. எனக்கு இன்னும் எட்டு நாள் லீவு கிடக்கு. நீங்கள் இஞ்சை வாங்கோ. வியாழக்கிழமை வகுப்பிருக்கெண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ, ரீச்சருக்கு ஒரு மெயில் போட்டிட்டு வாங்கோ. விட்டிட மட்டும் வேண்டாம், காசு கட்டினதுதானே" என்றார். காது வைத்தியரின் நேரத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு நாளைக் காலை பஸ் ஏறுகிறேன். ஆகவே மச்சாள், அவரை அனுப்பவேண்டாம். நான் கேட்ட ஒன்றுக்கும் பதில் சொல்லவேண்டாம். ஏழு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால்தான் தபாலில் போடுகிறேன். இது எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். தயவுசெய்து திறக்காமல் என்னிடமே தந்துவிடுங்கள்.

கமலம் கேட்டால் மட்டும் அவரிடம் கொடுங்கோ.