முட்டை அண்ணனின் விசில்

விஷவாயுவைக் கைக்குழந்தை போலக் கொஞ்சிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சேலம் ஹாஸ்டலில் எனக்கு அறைத்தோழராக வாய்த்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முட்டை அண்ணன் என்றால் வாட்ச்மேன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வழி காட்டுவார்.

அவர் ஆராய்ச்சி மாணவர். எலியின் ரத்தக்குழாயை மோதிரம் போல நறுக்கி, இரண்டு கொக்கிகளில் மாட்டி, அது இறுகுவதையும் தளர்வதையும் பார்ப்பது வேலை. தளர்த்துவதற்காக விடும் மருந்திலிருந்து வரும் வாயு அழுகிய முட்டையாக நாறும். நாற்றம் சட்டையோடு ஹாஸ்டலுக்கும் வரும். ஒரு நாள் மெஸ் மாஸ்டர் அத்தனை முட்டைகளையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார். அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகுதான் முட்டைகள் எல்லாம் நல்லவையாயின.

"இந்த விஷம் நம்ம ஒடம்புலயே துளித்துளியா ஊறுதுடா. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, இந்த முட்டை நாத்தம், மூணும். நெறய ஆனாலும் ஆபத்து, துளி இல்லாட்டியும் ஆபத்து" என்பார். தளராத குழாயைப் பார்த்து, "விடு கண்ணு, விடு" என்று கெஞ்சுவதை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். ஆனால் மலை மேல் எங்கள் ஊரான வளப்பூர் நாட்டில் மிளகு பறிக்கக் கொடி ஏறும் என் அப்பாவிடம் அந்தப் படிப்பு செல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் மிக அதிகம். பெரியப்பா அதே அழுத்தத்தில் ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்திருந்தார். அப்பாவோ பஸ் ஏறும் நாளில் மட்டும் மாத்திரை போடுவார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா, அதுதான் அழுத்தம் என்பது அவர் முடிவு.

"மலை மேல காது அடைக்குதா? அப்பறம் எதுக்கு மாத்திரை?" என்பார்.

நான் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டு, முட்டை அண்ணன் அந்த ஞாயிறே பி.பி. மெஷினோடு மலையேறினார். வீட்டில் பார்த்தார். அதிகம். மாத்திரை போட்ட அப்பாவோடு பஸ்ஸில் மலையிறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி டீக்கடையில் பார்த்தார். அதே அளவு.

"உங்க மெஷினு வளைவுல பயந்துபோச்சுங்க தம்பி" என்றார் அப்பா.

"ஏனுங்க, வளைவுல கண்டக்டர் எதுக்கு விசில் அடிக்கறாரு?"

"எதிர்ல வர்ற லாரி ஒதுங்கத்தான்."

"விசில் சத்தம் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அடிச்சதும் போயிரும்."

"நம்ம ஒடம்புல ஊறற வாயு ஒண்ணும் அப்படித்தானுங்க. ரத்தக்குழாயோட உள்தோல்ல பொறந்து, சுத்தி இருக்கற தசைகிட்ட 'விடு'ன்னு சொல்லிட்டு நொடியில காணாமப் போயிரும். அழுத்தம் ஏறுனவங்க ஒடம்புல அந்தக் கண்டக்டருக்குத் தொண்ட கட்டிக்குது. தசை ஒதுங்காது, குழாய் இறுகிரும். மாத்திரை வேற வழியில அதைத் தளர்த்துதுங்க. ஒரு நாள் மட்டும் போட்டா எறங்காது. தெனமும் போடணும்."

அப்பா டீயை ஆற்றினார். "மலை மேலதான் பஸ் நின்னிருதே?"

"பஸ் நிக்குமுங்க. நீங்க மிளகுக்கொடி ஏறறப்ப உங்க ரத்தம் நிக்குதுங்களா?"

டீ ஊற்றியவர் தன் கையை நீட்டி, "எனக்கும் ஒருக்கா பாருங்க" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. நாங்கள் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டோம்.

அதற்குப் பிறகு அப்பா மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. அழுத்தம் இறங்கிவிட்டது. முட்டை அண்ணன் இப்போது எங்கோ தூர தேசத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பஸ்ஸில் யாருடைய பையிலோ கெட்ட முட்டை உடைந்தது. எல்லோரும் துண்டால் மூக்கை மூடினார்கள். அப்பா மட்டும் மூடவில்லை.

"சாமி, அந்தப் புள்ள சாப்புட்டுச்சான்னு ஒரு போனப் போட்டுக் கேளு" என்றார் என்னிடம்.