வந்திருச்சு சார்!

உலகத்தில் டெலிபோன் வைத்திருப்பவர்கள் உண்டு, இல்லாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது: டெலிபோனில் பேசும்போது எழுந்து நிற்பவர்கள். கரண்ட் போகிற ஊர் எதுவானாலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார். எங்கள் செல்லூர்த் தெருவுக்கு வாய்த்தவர் நூல்கடை வெள்ளைத்துரை.

அவர் வீட்டுப் போனைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குத் தனி ஸ்டூல், ஸ்டூலுக்கு விரிப்பு, போனுக்குப் பூப்போட்ட உறை, எண் சுழற்றும் வட்டத்தில் ஒரு குட்டிப் பூட்டு, அந்தப் பூட்டின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். கடைச் சாவிகூட ஆணியில்தான் தொங்குகிறது! வீட்டுக்கு வீடு ஓடும் விசைத்தறிகளின் சத்தம் சட்டென்று நின்று, தெருவுக்கே காது அடைத்த மாதிரி ஆனால், நாங்கள் யாரும் மின்சார ஆபீசுக்கு ஓடுவதில்லை. ஏன் ஓட வேண்டும்? வெள்ளைத்துரை இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்து, உறையை மடித்து வைத்து, தொண்டையைச் செருமி, "சத்தம் போடாதீங்கப்பா, இன்ஜினியர் நமக்கு வேண்டியவரு" என்பார். அவ்வளவுதான். தெரு வாயைப் பொத்திக்கொள்ளும்.

மறுமுனையில் அதிகாரி இருக்கும்போது உட்காரலாமா? நிற்பார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்துவிடும். "ஆமா சார்... அம்புட்டுத் தூரமா சார்..." என்று குழைந்துவிட்டு, வெளியே வந்ததும் குரல் மாறும். எங்கோ லைன் அறுந்ததையும், ஒரு சப்-ஸ்டேஷன் இன்னொரு சப்-ஸ்டேஷனைப் போனில் கூப்பிட்டு வேறு வழியாகக் கரண்டைத் திருப்பிவிட்டதையும், தன் கையாலேயே திருப்பியவர் போல விவரிப்பார். "இனிமே கரண்டை இழுத்துட்டு வாரதே போன்தான்யா" என்பார். உண்மைதான். அதில் குறை சொல்லக் கூடாது.

போன ஆடியில் ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு தறியை விட்டு வெள்ளைத்துரை வாசலுக்கு ஓடி வந்தாள். சாயங்காலம் ஜவுளிக்கடை வண்டி வரும். துண்டு தயாராக இல்லையென்றால் இனி அவள் தறிக்கு வேலை கிடையாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நெய்ய வேண்டியது கொஞ்சம்தான் பாக்கி.

"அண்ணே, நானே ஆபீசுக்கு ஓடிப் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"போன் இருக்கிற தெருவுல இருந்து நடந்து போறதா? நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?"

சுழற்றினார். இன்ஜினியரின் குரல் வாசல்வரைக்கும் கேட்டது: "மெயின் லைன்ல குடுத்தாச்சு. உங்க தெருவுக்கு வந்திருச்சா? வரலைன்னா சொல்லுங்க, லைன்மேனை அனுப்புறேன்."

வெள்ளைத்துரையின் தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் நிற்கிறது. அவர் மூக்கு நுனியிலிருந்து வேர்வை போன் மேலேயே சொட்டுகிறது.

"வந்திருச்சு சார்! ஜம்முனு ஓடுது சார்! ரொம்ப தேங்க்ஸ் சார்!"

போனை வைத்தார். தங்கப்பொண்ணு மலைத்துப்போனாள். "எங்கண்ணே வந்திருச்சு?"

"அம்புட்டுப் பெரிய மனுசன் வாய்விட்டுக் கேக்குறாரு. மூஞ்சிக்கு நேரா இல்லேன்னா சொல்றது?"

"மூஞ்சி எங்கண்ணே இருக்கு, போன்ல?"

"குடுத்தாச்சுன்னு அவரே சொல்லிட்டாரும்மா. இனி வராமலா இருக்கும்?"

நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்களா? தப்பு அதனுடையதுதான் என்பதுபோல ஃபேனையே முறைத்துக்கொண்டு நின்றோம். "லேசா அசையிற மாதிரிதான் தெரியுது" என்றுகூட ஒரு மகானுபாவர் சொன்னார்.

தங்கப்பொண்ணு விடுவிடுவென்று உள்ளே போனாள். "நம்பரைச் சுத்துங்கண்ணே. நான் பேசுறேன்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சுழற்றினார். அவள் போனைப் பிடுங்கினாள்.

"ஐயா, கரண்ட் வரல! வந்திருச்சுன்னு சொன்னது பொய்யி. தெருவுல ஒரு தறிகூட ஓடல, என் பொழப்பு அந்தரத்துல நிக்குது. ஆளை அனுப்புங்க!"

வெள்ளைத்துரை கண்ணை இறுக மூடிக்கொண்டார், வானமே இடிந்து விழப்போகிற மாதிரி. போனுக்குள்ளிருந்து வந்தது இவ்வளவுதான்: "அப்படியா? நல்லவேளை சொன்னீங்கம்மா. இப்பவே அனுப்புறேன்."

லைன்மேன் சைக்கிளில் வந்தார், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போட்டார், தறிகள் தடதடத்தன. வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கையில் தங்கப்பொண்ணு கடைசித் துண்டைத் தறியிலிருந்து அறுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத்துரை? வாசலுக்கு வந்து, துண்டைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, "வந்திருச்சுன்னு நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் டாக்டர் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன, மாத்திரை கேட்டுச்சா?" என்றபோது, கொதிக்கிற நெற்றியோடு "நல்லாக் கேட்டுச்சு சார், தேவலை சார்" என்று பல்லைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து போர்வைக்குள் முனகியது யார்? உங்கள் வீட்டுக்கும் போன் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறீர்களாமே. சந்தோஷம். எதற்கும் எதிர்வீட்டில் ஒரு தங்கப்பொண்ணு இருக்கிறாளா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.