லாண்டரியில் ஒரு மஞ்சள் அட்டை

லாண்டரிக்காரரின் மேஜை மேல் ஓட்டல் படுக்கை விரிப்புகள் ஆளை மறைக்கும் உயரத்துக்குக் குவிந்திருந்தன. பின்னாலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது.

"இதையெல்லாம் யாரு இங்க கொண்டாந்து போட்டது?"

"நாங்கதான் பாஸ்," என்றார் துவைக்கிற அக்கா, இன்னொரு மூட்டையை இறக்கியபடி.

"எதுக்கு?"

"நீங்கதானே போர்டுல எழுதி மாட்டியிருக்கீங்க!"

சுவரில், காலையில் அவரே தன் கையால் எழுதி மாட்டிய பலகை: 'வேலை கைக்கு வந்ததும், உடனே பாஸ்!'

முந்தின நாள் அவர் ஒரு கால்பந்து கோச்சின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். மைதானத்துப் பாடங்களை வைத்து வியாபாரம் செய்வது எப்படி என்று பேச்சு. பந்தைத் தன் காலிலேயே வைத்திருப்பவன் தோற்பான், பாஸ் கொடுப்பவன் ஜெயிப்பான் என்று கோச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. நம்மவர் எழுந்து நின்றே தட்டினார். பாவம், லாண்டரியில் பாஸ் என்றால் அவர் ஒருவர்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஐயோ, பாஸ்னா நான் இல்லைங்க! அடுத்த ஆளுக்குத் தள்ளி விடறது!"

"அப்ப உங்களை இனிமே எப்படிக் கூப்பிடறது?" என்று இஸ்திரிக்காரர் நிஜமான கவலையோடு கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. சாயங்காலத்துக்குள் துணி வந்து சேராவிட்டால் வேறு லாண்டரியைப் பார்த்துக்கொள்வதாக ஓட்டல் மேனேஜர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். கடைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அந்த ஓட்டலுடையது. அது போனால் இங்கே யாரையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். யாரை? அந்த நிலை வரக் கூடாதென்றுதான் பேச்சுக்கே போனார்.

மத்தியானத்துக்குள் இஸ்திரிக்காரர் பாதிக்கு மேல் தேய்த்து அடுக்கிவிட்டார். முகம் வியர்த்துக் கொட்டியது. லாண்டரிக்காரர் கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார்.

"களைச்ச ஆட்டக்காரரை மாத்தணும். வேன் டிரைவர் இஸ்திரிக்கு வாங்க. நீங்க வேனுக்குப் போங்க."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே!"

"ஓட்ட வேண்டாம். வேன்தான் உங்க பெஞ்சு, உக்காந்து ஓய்வெடுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். இஸ்திரிக்காரர் வேனின் பின்சீட்டில் படுத்தார், படுத்ததும் குறட்டை. உள்ளே, டிரைவர் தொட்ட முதல் விரிப்பிலேயே இஸ்திரிப் பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்தது.

"ஏங்க, பேசாம அவரையே எழுப்பிக் கூட்டிட்டு வாங்க," என்றார் விரிப்புகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த லாண்டரிக்காரரின் மனைவி.

"வெளியே போனவர் திரும்ப ஆட முடியாதும்மா. ரூல்ஸ்!"

"அப்ப ரூல்ஸையே தேய்க்கச் சொல்லுங்க."

அவர் காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை உருவி, டிரைவரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது முதல் எச்சரிக்கை!"

டிரைவர் அதை மரியாதையாக வாங்கி, தேய்த்து அடுக்கிய விரிப்புகளின் மேல் வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

சற்று நேரத்தில் உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"என்ன துவைக்கறீங்க? எல்லாம்தான் முடிஞ்சுதே!"

"நீங்க மஞ்சள் அட்டை வெச்சிருந்தீங்களே," என்றார் அக்கா.

அந்த லாண்டரியில் மஞ்சள் அட்டை என்றால் கறை போகவில்லை, மறுபடி துவை என்று அர்த்தம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் சாட்சாத் அவரேதான். மெஷினின் கண்ணாடிக்குப் பின்னால் காலை முழுவதும் தேய்த்த துணி சுற்றிச் சுற்றி வந்தது.

லாண்டரிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஓடிப்போய் இஸ்திரிக்காரரை எழுப்பிக்கொண்டு வந்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லை. கெடுத்தது நான்தான்," என்றார் லாண்டரிக்காரர். "உங்கள்ல ஒருத்தரைக்கூட அனுப்பக் கூடாதுன்னுதான் இவ்வளவும் பண்ணேன்."

"நாங்க எங்க போகப் போறோம்?" என்றார் அக்கா. "எழுந்திரிங்க, ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு உதறுவோம்."

மனைவி அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

உதறிக்கொண்டிருக்கும்போதே ஓட்டல் வாட்ச்மேன் வாசலில் வந்து நின்றார். லாண்டரிக்காரர் ஈரக் கையோடு கும்பிட்டார்.

"அண்ணே, இன்னும் காயலை. மேனேஜர் கிட்ட எப்படியாவது நாளைக்குக் காலை வரைக்கும் டைம் வாங்கிக் கொடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மெதுவாவே காயட்டுங்க," என்றார் வாட்ச்மேன். "எங்க மேனேஜர் நேத்து யாரோ ஒரு கோச் பேசினதைக் கேட்டுட்டு வந்து, காலைல சாப்பிட லேட்டா வந்த விருந்தாளிங்க அத்தனை பேருக்கும் சிவப்பு அட்டை காட்டி வெளியேத்திட்டாரு, இப்ப ஓட்டல்ல கட்டில் இருக்கு, படுக்கத்தான் ஆள் இல்லை!"